கடனுக்கும் சந்தைக்கும் இடையே: வங்கதேசத்தின் ப்ராக் அமைப்பு வலுப்பெற்ற விதம் – ஒரு நிகழ்வு ஆய்வு

தொண்டு நிறுவனங்களை வலுப்படுத்த வேண்டும் என்ற பேச்சு பெரும்பாலும் நன்கொடையைப் பெருக்குவது, ஊழியர்களுக்குப் பயிற்சி தருவது, திட்ட அறிக்கையை ஒழுங்காக எழுதக் கற்பிப்பது என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. அந்த நிறுவனம் இயங்கும் வட்டாரத்தில் யார் எதை உற்பத்தி செய்கிறார்கள், யாரிடம் விற்கிறார்கள், விற்ற பணம் எத்தனை நாளில் கைக்கு வருகிறது, கூலி ஏறுகிறதா இறங்குகிறதா என்ற கேள்விகள் அதனுடன் சேர்த்துக் கேட்கப்படுவதில்லை. இவ்விரண்டையும் பிரிக்க முடியாது என்பதற்கு நான் அறிந்தவரை மிகத் தெளிவான சான்று, 1972-இல் வங்கதேசத்தில் தொடங்கப்பட்ட ப்ராக் அமைப்பு. இன்று ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு வேலை தரும் அந்த அமைப்புக்குச் சொந்தமாகப் பால் பதப்படுத்தும் தொழில் உண்டு, கைவினைப் பொருள் விற்பனை நிலையங்கள் உண்டு, விதை உற்பத்தியும் உண்டு.

அறப்பணிக்குப் பணம் சேர்ப்பதற்காகவே ப்ராக் இந்தத் தொழில்களைத் தொடங்கியது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. நிகழ்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஏழைகளின் பிழைப்பில் ஏதோ ஒரு கண்ணி அறுந்திருந்த இடங்களில் அதைச் சேர்த்துக் கட்டும் முயற்சியாகவே பெரும்பாலான தொழில்கள் பிறந்தன. வருமானம் அதன் பின்விளைவாக வந்தது. இந்த வரிசையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, நாமும் ஒரு கடை திறந்தால் நன்கொடைக்குக் கையேந்த வேண்டாம் என்று இறங்கும் அமைப்புகள் கடையையும் இழந்து, பணியையும் இழக்க நேரிடும்.

ஷல்லாவில் கற்றது

1971 போரின்போது ஒரு கோடிப் பேர் அளவில் இந்தியாவுக்குள் அகதிகளாக வந்து, போர் முடிந்ததும் திரும்பிச் சென்றார்கள். வடகிழக்கு வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியில் உள்ள ஷல்லா அப்படித் திரும்பியவர்கள் நிறைந்த, மழைக்காலத்தில் நீர் சூழ்ந்துவிடும் தாழ்நிலப் பகுதி. வீடுகள் எரிந்துபோயிருந்தன, படகும் வலையும் இல்லை. ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் நிதிப் பொறுப்பில் இருந்த கணக்காயரான ஃபஸ்லே ஹசன் ஆபெத், லண்டனில் தமக்கிருந்த அடுக்குமாடி வீட்டை விற்ற பணத்தோடு அங்கே நிவாரணப் பணியைத் தொடங்கினார். ஆக்ஸ்ஃபாம் போன்ற அமைப்புகளின் உதவியும் கிடைத்தது. முதல் ஆண்டிலேயே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. மீனவர்களுக்குச் சில நூறு படகுகள் கட்டித் தரப்பட்டன.

அடுத்து வந்த வளர்ச்சிப் பணி அவ்வளவு எளிதாக அமையவில்லை. வயது வந்தோருக்கான எழுத்தறிவு வகுப்புகளுக்குத் தொடக்கத்தில் வந்தவர்கள் மெல்ல மெல்ல நின்றுவிட்டார்கள். நாள் முழுதும் உழைத்துவிட்டு வருபவருக்கு அந்த வகுப்பால் வயிற்றுப்பாட்டில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. கிராமம் முழுவதையும் ஒரே சமூகமாகக் கருதிச் செய்த உதவியோ நிலமும் செல்வாக்கும் உள்ளவர்களின் கைக்கே போய்ச் சேர்ந்தது. 1980-இல் வெளியான, பத்துக் கிராமங்களைப் பற்றிய ப்ராக்கின் சொந்த ஆய்வு, நிவாரணப் பொருளும் அரசு வளங்களும் எந்த வழியாக யார் கையில் சிக்குகின்றன என்பதை விரிவாகக் காட்டியது. அதற்கு முன்பே, 1970-களின் நடுப்பகுதியிலிருந்து, அரை ஏக்கருக்கும் குறைவான நிலம் வைத்திருந்து உடலுழைப்பை விற்றுப் பிழைக்கும் குடும்பங்களை மட்டும் தனியே திரட்டும் முறைக்கு ப்ராக் மாறத் தொடங்கியிருந்தது.

வலுப்படுத்தல் என்று நாம் பேசுவதன் முதல் படி இதுதான். 1975-லேயே, அதாவது தொடங்கி மூன்றே ஆண்டுகளில், இன்னும் நன்கொடையாளர்களை நம்பியே வாழ்ந்த ஓர் அமைப்பு, தன் பணியைத் தானே ஆராய்வதற்கென ஒரு தனிப் பிரிவை வைத்துக்கொண்டது. 1978-இல் டாக்காவுக்கு அருகே சாவாரில் பயிற்சி மையம் அமைந்தது. நன்கொடை தருபவர்கள் நிர்வாகச் செலவு என்று முகம் சுளிக்கும் இனங்கள்தான் இவை இரண்டும். ஆராய்ச்சிப் பிரிவு இல்லாமல், பிற்காலத்தில் ப்ராக் தன் தவறுகளை அவ்வளவு விரைவாகக் கண்டுகொண்டிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உப்பும் வெல்லமும்: அளந்து பார்க்கும் பழக்கம்

இந்தப் பழக்கம் எப்படி வேலை செய்தது என்பதை வயிற்றுப்போக்கு ஒழிப்புத் திட்டத்தில் நெருங்கிப் பார்க்கலாம். 1980 முதல் 1990 வரை ப்ராக்கின் பெண் ஊழியர்கள் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு நேரில் சென்று, மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் (ஏறத்தாழ அரை லிட்டர்) தண்ணீர் என்ற அளவில் கரைசல் தயாரிக்கத் தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். எத்தனை வீடுகளுக்குப் போனார்கள் என்பதை வைத்துச் சம்பளம் தரப்படவில்லை. சில வாரங்கள் கழித்து வேறொரு குழு, கற்பிக்கப்பட்ட வீடுகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றைத் தேர்ந்து அங்கே போகும். தாய்க்கு எவ்வளவு நினைவில் நிற்கிறது என்று கேட்கும். அவர் கலக்கிக் காட்டும் கரைசலை ஆய்வகத்துக்கு அனுப்பும். முழுதும் சரியாகச் சொன்ன தாய்க்காக ஊழியருக்கு முழுத் தொகை, அரைகுறையாகச் சொன்னவருக்காகக் குறைந்த தொகை, ஒன்றும் நினைவில்லாதவருக்காக ஒன்றும் இல்லை.

தாய்மாருக்கு நினைவில் இருந்தது, ஆனால் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது பலர் அந்தக் கரைசலைக் கொடுக்கவில்லை. ஏன் என்று ஆராய்ந்தபோது, கற்றுக்கொடுத்த ஊழியர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பதும், தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அவர்கள் மாத்திரையை நாடினார்கள் என்பதும் தெரியவந்தது. உடனே ஊழியர்களை டாக்காவின் காலரா ஆய்வு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று கரைசலின் பலனைக் கண்ணால் காணச் செய்தார்கள். வீடுகளில் கற்பிக்கும்போது கலக்கியதை ஊழியரே முதலில் குடித்துக் காட்ட வேண்டும் என்றார்கள். ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ஆண்களிடமும் சந்தை, பள்ளிவாசல் போன்ற இடங்களில் பேசத் தொடங்கினார்கள். பயன்பாடு உயர்ந்தது. பொருளாதாரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கோழி, பால், துணி எல்லாவற்றிலும் பின்னர் கைகொடுத்தது, எங்கே சங்கிலி அறுகிறது என்று இப்படிக் களத்துக்கே போய்க் கண்டுபிடிக்கும் பழக்கம்தான்.

கோழி, பால், துணி

1974 முதல் ப்ராக் சிறு கடன்கள் கொடுத்துவந்தது. கடன் வாங்கிய பெண்களில் பலர் கோழி வளர்க்க விரும்பினார்கள். நிலம் வேண்டாம், வீட்டு முற்றம் போதும், முட்டை விற்ற காசு பெண்ணின் கையிலேயே நிற்கும். ஆனால் வெள்ளைக் கழிச்சல் நோய் வந்தால் ஒரே வாரத்தில் மொத்தக் கோழியும் மடிந்துபோகும், கடன் மட்டும் மிஞ்சும். தடுப்பூசி மருந்து அரசிடம் இருந்தது. அதைக் கிராமத்து முற்றம் வரை கொண்டு சேர்க்கத்தான் ஆள் இல்லை.

ப்ராக் கிராமத்துக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்து தடுப்பூசி போடப் பயிற்சி கொடுத்தது. அரசின் கால்நடைத் துறை மருந்தைத் தந்தது. ஊசி போட்ட பெண் வீட்டாரிடம் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டார். கோழிகள் பிழைத்தன. அதன் பிறகுதான் நல்ல இனக் குஞ்சுகள் போதவில்லை என்ற அடுத்த தடை கண்ணில் பட்டது. பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சுகளை வாங்கி, ஆபத்தான முதல் இரண்டு மாதங்கள் வரை வளர்த்து விற்பதை ஒரு தனித் தொழிலாகச் சில பெண்களுக்குப் பழக்கினார்கள். பிறகு தீவனம் போதவில்லை. தீவனம் கலந்து விற்பவர்கள் உருவானார்கள். பிறகு பொரிப்பகங்கள், தீவன ஆலைகள், தீவனத்துக்கான மக்காச்சோளம். முட்டை சேகரித்துச் சந்தைக்குக் கொண்டுபோகும் பெண்களும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியானார்கள். முன்கூட்டி வரைந்த வணிகத் திட்டம் எதுவும் இதற்குப் பின்னால் இல்லை. ஒரு முடிச்சை அவிழ்த்தால் அடுத்த முடிச்சு தெரிந்தது.

பாலிலும் இதே கதை. கடனில் மாடு வாங்கிய பெண்கள் கறந்த பாலை விற்க முடியவில்லை; சாலையும் குளிர்பதன வசதியும் இல்லாத கிராமத்தில், காலையில் கறந்த பால் மாலைக்குள் திரிந்துவிடும் என்பதால் வியாபாரி சொன்னதே விலை. மாவட்டங்களில் பால் குளிரூட்டும் நிலையங்களை நிறுவி, பாலைச் சேகரித்து நகருக்குக் கொண்டுவந்து பதப்படுத்தி விற்கும் ப்ராக் பால் நிறுவனம் 1998-இல் தொடங்கியது. மாட்டின் இனத்தை மேம்படுத்தச் சினை ஊசி போடும் பணியாளர்களும் ஊர் ஊராகப் பயிற்சி பெற்றார்கள். நகரத்துக் கடையில் உறையிட்டு விற்கும் பாலில் கிடைக்கும் இலாபத்தைவிட, ஊரில் பாலுக்கு இரண்டாவதாக ஒரு வாங்குபவர் வந்ததே அந்த வட்டாரத்துக்குப் பெரிய மாற்றம் என்பேன். வேறு ஒருவரிடமும் விற்கலாம் என்ற நிலை வந்தவுடன் பழைய வியாபாரியும் விலையைத் திருத்திக்கொள்ள வேண்டியதாகிறது.

கைவினைப் பொருள் விற்பனைக்கான ஆரோங் 1978-இல் தொடங்கப்பட்டது. மானிக்கஞ்ச் மாவட்டத்தின் கிராமப் பெண்கள் நெய்தும் தைத்தும் கொடுத்ததை டாக்காவின் கடைகள் வாங்கி வைத்துக்கொண்டு, பொருள் விற்ற பிறகே, அதுவும் சில மாதங்கள் கழித்து, பணம் கொடுத்தன. அன்றாடங்காய்ச்சிக் குடும்பம் மூன்று மாதம் காத்திருக்க முடியாது. பொருளை ஒப்படைத்ததும் பணம் என்ற விதியை வைத்ததுதான் ஆரோங் செய்த அடிப்படை மாற்றம். சந்தையின் காத்திருப்பைத் தன் தோளில் ஏற்றுக்கொள்ள நடைமுறை மூலதனம் உள்ள ஓர் அமைப்பு தேவைப்பட்டது. அந்த இடத்தை ப்ராக் நிரப்பியது. ஆபெதின் மனைவி ஆயிஷா ஆபெத் இந்தப் பணியை முன்னின்று வளர்த்தார். 1981-இல் அவர் மறைந்தபின் அவர் பெயரில் அமைந்த அறக்கட்டளையின் மையங்களில் பெண்கள் துணியில் சாயமேற்றுதல், அச்சிடல், தையல், பூவேலை ஆகியவற்றைச் செய்கிறார்கள். இன்று ஏறத்தாழ 65,000 கைவினைஞர்கள் ஆரோங்கைச் சார்ந்திருப்பதாக அந்நிறுவனம் தெரிவிக்கிறது. நக்ஷி கந்தா என்னும் பூவேலையும் ஜாம்தானி நெசவும் அருங்காட்சியகத்தோடு நின்றுவிடாமல் நகரத்து நடுத்தர வர்க்கத்தின் அன்றாட உடையாக நிலைத்ததில் ஆரோங்குக்குப் பங்கு உண்டு.

தோல்விகளும் உண்டு, அவற்றையும் இந்த ஆய்வில் சேர்க்காவிட்டால் படம் பொய்யாகிவிடும். நிலமற்றோர் குழுக்களுக்கு ஆழ்குழாய்க் கிணறுகளைச் சொந்தமாக்கி, நிலமுள்ளவர்களுக்குப் பாசன நீரை விற்கச் செய்யும் திட்டம் நியாயமான கற்பனை; ஆனால் எதிர்பார்த்த பரப்புக்குப் பாசனம் எட்டவில்லை, பழுதும் செலவும் மிகுந்தன, ஏழைக் குழுக்கள் பெரிய கடனில் சிக்கின, இறுதியில் அது கைவிடப்பட்டது. சாலையோரங்களில் மல்பெரி நட்டு வளர்த்த பட்டுத் தொழிலும் மலிவான இறக்குமதிப் பட்டு நூலுக்கு முன்னால் தடுமாறியது. கோழிக்கும் கிணற்றுக்கும் என்ன வேறுபாடு? கோழியில் ஒரு பெண் தன் முற்றத்தில் சிறிதாகத் தொடங்கி, நட்டமானாலும் சிறிதாகவே நட்டப்படலாம். கிணற்றில் முதலீடு பெரிது. வாங்குபவர்களோ ஊரின் செல்வாக்கு உள்ளவர்கள். தண்ணீருக்குப் பணம் தராமல் இழுத்தடித்தால் நிலமற்றவர்களால் அவர்களை என்ன செய்ய முடியும்?

பணம் வந்த வழிகள்

ப்ராக்கின் வங்கதேசச் செலவில் பெரும்பகுதி இன்று அதன் சொந்த வருமானத்திலிருந்தே வருகிறது. குறுங்கடன், சமூகத் தொழில்கள், முதலீடுகள் ஆகியவை அதன் ஊற்றுகள். 2001-இல் தொடங்கிய ப்ராக் வங்கி, அடமானம் வைக்க ஏதுமில்லாத சிறு, நடுத்தரத் தொழில்முனைவோருக்குக் கடன் தருவதைத் தன் அடையாளமாக்கிக்கொண்டது. அந்த வங்கியின் துணை நிறுவனமாக 2011-இல் வந்த பிகாஷ், கைப்பேசி வழியே பணம் அனுப்புவதை நாடெங்கும் சாதாரண மக்களுக்குக் கொண்டுசென்றது.

நன்கொடை தந்தவர்களும் வழி மாறினார்கள். ஒவ்வொரு நிதியளிப்பவருக்கும் தனித்தனிக் கணக்கு, தனித்தனி அறிக்கை என்ற நிலை ஓர் அமைப்பின் மூளையையே தின்றுவிடும். இதை எந்தத் தொண்டு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தவரும் அறிவார். ப்ராக்குக்கு நிதியளித்த பல அமைப்புகள் ஒரே கூட்டமைப்பாகச் சேர்ந்து, ஒரே திட்டத்துக்கு, ஒரே அறிக்கையை ஏற்றன. 2011-இல் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் ப்ராக்கோடு செய்துகொண்ட பல்லாண்டு உடன்படிக்கை இன்னொரு படி முன்னே சென்றது. பணம் இந்தச் செயலுக்கு மட்டும் என்று பூட்டப்படாமல், ஒப்புக்கொண்ட இலக்குகளுக்கு எதிராக அமைப்பு முழுமைக்கும் வழங்கப்பட்டது. ஆராய்ச்சி, தணிக்கை, கணினி, பயிற்சி ஆகியவற்றுக்குப் பணம் தர யாரும் முன்வராத சூழலில் இத்தகைய நிதி கிடைப்பது, பத்து மடங்கு பெரிய திட்ட நிதியைவிட ஓர் அமைப்புக்குப் பயன்படும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

கிராமத்தின் கூலி விகிதம்

வட்டாரப் பொருளாதாரம் மாறியதா என்ற கேள்விக்கு மிக உறுதியான விடை, 2002-இல் தொடங்கிய பரம ஏழைகள் திட்டத்திலிருந்து கிடைக்கிறது. கடன் குழுக்களில் மிக வறியவர்கள் சேரவே இல்லை என்பதை ப்ராக்கின் ஆய்வுகள் காட்டியிருந்தன. தவணை கட்ட முடியாது என்று அவர்களே ஒதுங்கினார்கள். குழுவினரும் அவர்களைச் சேர்க்கத் தயங்கினார்கள். ஆகவே கடனுக்குப் பதிலாக மாடு, ஆடு போன்ற சொத்து, பசியோடு இருப்பவர் அதை விற்றுவிடாதிருக்கச் சில காலம் உதவித்தொகை, வாரந்தோறும் நேரில் வந்து வழிகாட்டும் ஊழியர், மருத்துவ உதவி என இரண்டு ஆண்டுகளுக்கு ஒரே கட்டாகக் கொடுத்தார்கள்.

பொருளியலாளர்கள் 1,309 கிராமங்களில் 21,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களை ஏழாண்டுக் காலத்தில் நான்கு முறை கணக்கெடுத்து, திட்டம் வந்த கிராமங்களை வராத கிராமங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்த முடிவுகள் 2017-இல் வெளியாயின. திட்டத்துக்கு முன், மிக ஏழைப் பெண்கள் பருவத்துக்குப் பருவம் கிடைக்கும் கூலி வேலையையே நம்பியிருந்தார்கள்; ஓரளவு வசதி உள்ள பெண்கள் கால்நடை வளர்த்தார்கள். திட்டத்துக்குப் பின் ஏழைப் பெண்களும் கால்நடை வளர்ப்புக்கு மாறினார்கள். வருமானமும் சொத்தும் உயர்ந்தன. ஏழாண்டுகள் கழித்தும் அந்த உயர்வு நிலைத்திருந்தது. உதவி பெறாத குடும்பங்களின் கால்நடைத் தொழில் இதனால் நசுங்கிவிடவில்லை. கூலி வேலைக்கு வருபவர்கள் குறைந்ததால், அந்த வேலையில் தொடர்ந்து இருந்தவர்களின் கூலி ஏறியது. ஒரு தொண்டு நிறுவனம் யாரிடமும் கூலியைப் பற்றிப் பேசாமலேயே, ஏழைக்கு வேறொரு பிழைப்பைத் தந்ததன் மூலம் கிராமத்தின் கூலியை உயர்த்தியிருக்கிறது. இதே தரவுகளைக் கொண்டு பின்னர் நடந்த ஆய்வு, கையில் சேர்ந்த சொத்து ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டிய குடும்பங்கள் மேலும் ஏறிச் சென்றதையும், வரம்புக்குக் கீழே நின்றவை மீண்டும் வறுமைக்குள் சரிந்ததையும் காட்டியது. அரைகுறை உதவியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுத்துப் பயனாளிகளின் எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டும் திட்டங்கள் இதை ஊன்றிப் படிக்க வேண்டும்.

எழும் மறுப்புகள்

ப்ராக் மீதான விமர்சனங்கள் லேசானவை அல்ல. வரிச் சலுகையோடு இயங்கும் ஒரு தொண்டு அமைப்பு பால், துணி, வங்கி என்று இறங்கினால் சிறு தனியார் எப்படிப் போட்டியிடுவார்கள் என்ற கேள்வி வங்கதேசத்தில் நீண்ட காலமாக உண்டு. ப்ராக் வங்கியின் தொடக்கமே நீதிமன்ற வழக்கைக் கடந்துதான் நிகழ்ந்தது. ஆரோங் கடையின் விலைக்கும் பூவேலை செய்யும் பெண்ணுக்குச் சேரும் கூலிக்கும் உள்ள தூரம் பற்றிய கேள்வியும் நியாயமானது. வாங்குபவராகவும் ஏழையின் காவலராகவும் ஒரே அமைப்பு இருக்கும்போது, விலை பேசும் மேசையில் ஏழையின் பக்கம் யார் உட்காருவார்கள்? குறுங்கடனில் வட்டி உயர்வு, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், தவணை வசூலில் நெருக்கடி ஆகிய குறைகள் அந்நாட்டின் குறுங்கடன் துறை முழுவதன் மீதும் சொல்லப்பட்டன; 2006-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் அமைந்த ஒழுங்குமுறை ஆணையம் பின்னர் வட்டிக்கு உச்சவரம்பு விதித்தது.

இவற்றுள் போட்டி பற்றிய மறுப்புக்கு மட்டும் காலத்தை வைத்து விடை சொல்லலாம். குளிரூட்டும் நிலையம் இல்லாத ஊரில் முதலில் ஒன்றை நிறுவுவது யாரையும் நசுக்குவதாகாது. பத்தாண்டுகள் கழித்து அதே ஊரில் தனியார் மூவர் பால் வாங்கத் தொடங்கியபின் சலுகையோடு அங்கேயே நிலைத்திருப்பதற்குப் புதிதாக நியாயம் காட்ட வேண்டும். கூலி பற்றிய கேள்விக்கு அப்படி எளிய விடை இல்லை. கைவினைஞர்கள் தங்களுக்கெனத் தனியே திரண்டு பேசும் வழி இல்லாதவரை அது திறந்தே இருக்கும்.

வேறு நாடுகளில்

2002-இல் ஆப்கானிஸ்தானில் தொடங்கி, ப்ராக் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்குச் சென்றது. பரம ஏழைகள் திட்டத்தின் வடிவத்தை மேற்கு வங்கத்தின் பந்தன் உள்ளிட்ட பிற அமைப்புகளும் எடுத்துக்கொண்டன. எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் நடந்த ஒப்பீட்டு ஆய்வு 2015-இல் வெளியானபோது, மொத்தத்தில் நல்ல பலனே தெரிந்தது. சொந்தத் தொழில்களோ அவ்வளவு எளிதாக எல்லை தாண்டவில்லை. நெருக்கமான கிராமங்களும் அருகே பெரிய நகரமும் கொண்ட வங்கதேசத்தில் ஒரு குளிரூட்டும் நிலையத்துக்குப் போதுமான பால் நடந்துபோகும் தூரத்திலேயே சேர்ந்துவிடும். பரந்து சிதறிய குடியிருப்புகள் உள்ள நாட்டில் அந்தக் கணக்கு பொருந்தாது.

அந்த ஆறு நாடுகளில் பலன் நிலைக்காமல் போன இடம் ஹோண்டுராஸ். அங்கே பெரும்பாலான குடும்பங்கள் கோழிகளைப் பெற்றன. அவற்றில் பெரும்பகுதி நோயில் மடிந்தது. மாடோ கோழியோ கொடுக்கும் திட்டம் ஒன்றை மதிப்பிடுபவர், எத்தனை குடும்பங்களுக்குக் கொடுக்கப்பட்டது என்ற எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே, அந்த வட்டாரத்தில் தடுப்பூசி போடுபவர் யார், அவருக்குக் கூலி தருவது யார், மருந்து எங்கிருந்து எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.